ஆயாவின் அலமாரியில் ஒரு துப்பாக்கி

உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் என்ன இருக்கிறது? கல்யாணப் புடவை இருக்கும். வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருக்கும். என்றைக்காவது உதவும் என்று கட்டி வைத்த ரசீதுகளும், எதற்கும் உதவாத சாவிக்கொத்து ஒன்றும் இருக்கும். என் ஆயாவின் அலமாரியிலும் இவை அத்தனையும் இருந்தன. கூடவே ஒரு ரைபிளும் இருந்தது.

பயந்துவிடாதீர்கள்! என் ஆயா கொள்ளைக் கூட்டத் தலைவி அல்ல. ஆயா என்றால் எங்கள் பழைய தென்னார்க்காடு ஜில்லாப் பக்கத்தில் பாட்டி என்று அர்த்தம். எண்பது வயதிலும் மல்லாட்டையைத் தானே உடைத்து, வறுத்து, பேத்திக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற சாதுவான பாட்டி. மல்லாட்டை என்ன என்று கேட்கிறீர்களா? நீங்கள் சொல்லும் வேர்க்கடலைதான். திண்டிவனத்தில் போய் வேர்க்கடலை என்று கேட்டால் கொடுக்காமல் இருக்கமாட்டார்கள். ஆனால் நீங்கள் வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரைபிள் தாத்தாவுடையது. தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். 1962-ல் சீன யுத்தத்தின்போது 303 ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வடக்கே பனியில் நின்றவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு பாங்கு ஒன்றில் காவல் உத்தியோகம் கிடைத்தது. சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருப்பவருக்கு அந்த வேலை சுலபமாகக் கிடைத்த காலம் அது. அப்போது வாங்கியதுதான் இந்த 315 ரைபிள். வேலை முடிந்த பிறகும் லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்து வந்தார். தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பார். தேர்தல் முடிந்ததும் போய் வாங்கி வருவார். ஆயுத பூஜை அன்று அரிவாள்மணை, மண்வெட்டி, தையல் மிஷின் இவற்றோடு ரைபிளுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். எனக்குத் தெரிந்து அது வெடித்ததே இல்லை.

சிறு வயதில் ஒரு நாள் அவரைக் கேட்டேன்: “தாத்தா, பட்டாளத்தில் 303 என்கிறீர்கள், வீட்டில் 315 என்கிறீர்கள். இது என்ன கணக்கு?”

தாத்தா சிரித்தார். “அது வெள்ளைக்காரன் போட்ட கணக்கு, கண்ணு” என்றார்.

கணக்கு இதுதான். 1857-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பயம் பிரிட்டிஷ் சர்க்காரை விட்டு நீங்கவே இல்லை. 1878-ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 1930-ல் காந்தியடிகள் வைஸ்ராய்க்கு முன்னால் வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்காக ஆயுத லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்று என்று சொன்னால் நம்புவீர்களா? அகிம்சையைப் போதித்த மகான் கேட்டார்!

லைசென்ஸ் இருந்தாலும் எந்தத் துப்பாக்கியையும் வாங்கிவிட முடியாது. பட்டாளத்துத் தோட்டா திருட்டுப் போய் வெளியார் துப்பாக்கியில் புகுந்துவிடக் கூடாதே என்று சர்க்காருக்குக் கவலை. ஆகவே பட்டாளத்துத் துளை உள்ள துப்பாக்கி ஜனங்களுக்குக் கூடாது என்று விலக்கி வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் 450 துளைக்கு இந்தியாவில் தடை வந்தது. வேட்டைப் பிரியர்களான துரைமார்களும் மகாராஜாக்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இங்கிலாந்தின் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 465, 470, 475 என்று புதுப் புதுத் துளைகளில் செய்து அனுப்பிவிட்டன. 303-க்குப் பதிலாக 315 புழக்கத்துக்கு வந்ததும் இப்படித்தான். சுதந்திரம் வந்த பிறகும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இச்சாப்பூரில் உள்ள சர்க்கார் ரைபிள் தொழிற்சாலை, பட்டாள ரைபிளின் அமைப்பிலேயே, ஆனால் 315 தோட்டாவுக்கு ஏற்றபடி, ஜனங்களுக்கென்று செய்து விற்றது.

“பார்த்தாயா? சட்டத்துக்காகத் துப்பாக்கியையே மாற்றிச் செய்திருக்கிறார்கள்” என்பார் தாத்தா.

அந்த வார்த்தை என் மனத்தில் தங்கிவிட்டது. பின்னால் நான் ஒரு பெரிய அசட்டுக் காரியம் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2023-ம் வருஷம் தை மாதம் தாத்தா காலமானார். வயது எண்பத்து நாலு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் அவரவர் ஊருக்குத் திரும்பினோம். பென்ஷன் காகிதம், பாங்குப் புத்தகம், பட்டா எல்லாவற்றையும் சித்தப்பா கவனித்தார். ரைபிளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தாத்தாவின் செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் போல அதுவும் அவர் விட்டுப்போன ஒரு சாமான் என்றே எல்லோரும் எண்ணினோம். ஆயா, தான் கையால் தைத்திருந்த உறையைப் போட்டு அலமாரியின் அடித்தட்டில் சாய்த்து வைத்துவிட்டாள். பழைய பட்டாளத்துக் கம்பளியை வெட்டித் தைத்த உறை அது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப் போயிற்று. 2024 மார்ச் 16-ந் தேதி பார்லிமெண்டுத் தேர்தல் அறிவிப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து ஊர்ப் போலீஸ் நிலையத்திலிருந்து போன்.

“பெரியவர் இருக்காருங்களா? துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லணும்.”

“அவரு போய் வருஷம் ஒண்ணாச்சுப்பா” என்றாள் ஆயா.

மறுமுனையில் சற்று மௌனம். பிறகு அந்தக் காவலர் தணிந்த குரலில், “தெரியாதுங்கம்மா. பையனை விட்டு உடனே கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்க. மத்ததைப் பேசிக்கலாம்” என்றாராம்.

சித்தப்பாவுக்கு விஷயம் போயிற்று. சித்தப்பா விழுப்புரத்தில் இருக்கிறார். ரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பு அவர் சொன்னபடி கேட்கும். பக்கத்து வீட்டு மோட்டார் பம்பு, எதிர் வீட்டுக் கிரைண்டர், கோவில் மணி எல்லாம் அவர் கைபட்டுத்தான் ஓடுகின்றன, ஒலிக்கின்றன. தாத்தாவிடம் அவருக்கு உயிர். தாத்தா ஞாபகமாக ரைபிளைத் தம் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படத்துக்குக் கீழே மாட்டிவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

“ஒப்படைச்சா திரும்பி வராது பாப்பா” என்று எனக்கு போன் செய்து சொன்னார். “நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன். வெடிக்கிற துப்பாக்கிக்குத்தானே லைசென்ஸ்? போல்ட்டைக் கழற்றி, குழலையும் அடைச்சுட்டா அது வெறும் இரும்புக் குழாய். அலங்காரச் சாமான். அதுக்கு எதுக்கு லைசென்ஸ்? வெள்ளைக்காரனே சட்டத்துக்காகத் துளையை மாத்தலையா? நாமும் வீட்டிலேயே மாத்திட்டா ஆச்சு!”

கேட்கிறவர்களுக்கு எவ்வளவு நியாயமாகப் படுகிறது, பார்த்தீர்களா? எனக்கும் நியாயமாகவே பட்டது. பட்டம் வாங்கியவள், பத்திரிகையில் உத்தியோகம் பார்ப்பவள், ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள்! “பிரமாதமான யோசனை சித்தப்பா” என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கிராமத்துக்கு வந்து ரைபிளிலிருந்து போல்ட்டைக் கழற்றினார். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளி அடைத்து, விசையைத் தட்டினால் வெடிக்க வைக்கிற பாகம். ரைபிளுக்கு உயிர்நிலை. அதை ஒரு துணியில் சுற்றி வைத்தவர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிய அவசரத்தில் மறந்துபோய்ப் போய்விட்டார். நான் அப்போது லீவில் ஆயாவோடு இருந்தேன். செவ்வாய்க்கிழமை விழுப்புரத்தில் எனக்கு ஒரு வேலை. “வரும்போது கொண்டு வந்துடு பாப்பா” என்றார் சித்தப்பா.

ஆயா கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதம் அடியில். அதன்மேல் துணி மூட்டையாய் ரைபிளின் போல்ட். பையை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். நாற்பது கிலோ மீட்டருக்கு உட்பட்ட தூரம். ஜன்னலோரம். நல்ல காற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், “பை கனமா இருக்கே, என்ன கண்ணு?” என்று கேட்டாள். “சாப்பாடு அம்மா” என்றேன். வழியில் தேர்தலுக்காக வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ்ஸைக் கை காட்டி அனுப்பிவிட்டார்கள். நானும் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னலோரம் சாய்ந்துகொண்டேன். இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

விழுப்புரத்தில் என் கல்லூரித் தோழி வக்கீலாக இருக்கிறாள். மத்தியானம் அவள் ஆபீசில் உட்கார்ந்து இருவரும் சாதத்தைப் பங்கிட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. பையிலிருந்து டிபன் பெட்டியை எடுத்தேன். துணி மூட்டை மேஜையில் உருண்டு ‘டங்’ என்றது.

“என்னடி அது?”

சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தாள். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். அந்தச் சட்டம் 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்து, வெள்ளைக்காரனின் 1878-ம் வருஷத்துச் சட்டத்துக்கு ஓய்வு கொடுத்தது.

“துப்பாக்கி என்றால் என்ன என்று இதில் எழுதியிருக்கிறதைப் படி” என்றாள்.

படித்தேன். துப்பாக்கி என்ற சொல்லுக்குள் துப்பாக்கியின் பாகங்களும் அடக்கம் என்று இருந்தது. என் தொண்டை வறண்டது.

“அப்படியானால் இந்த போல்ட்...”

“சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் துப்பாக்கிதான். திருகாணி, ஆணி போன்ற சில்லறைப் பாகத்தை வேறு எதனோடும் சேர்க்கிற எண்ணமில்லாமல் வைத்திருந்தால் மன்னிப்பு உண்டு. போல்ட் சில்லறைப் பாகமா? நீ துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாய், தேர்தல் நேரத்தில்!”

எலுமிச்சம்பழச் சாதத்தை அன்று இருவரும் தொடவில்லை.

“பழைய, கெட்டுப்போன துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். சித்தப்பா சொன்னார்” என்று முனகினேன்.

“இருக்கிறது. அதையும் முழுக்கப் படி.”

45-வது பிரிவைப் புரட்டிக் காட்டினாள். வழக்கொழிந்த மாதிரி ஆயுதம், புராதன மதிப்புள்ள ஆயுதம், பழுதுபட்ட ஆயுதம் இவற்றுக்குச் சட்டம் விலக்கு அளிப்பது வாஸ்தவம். ஆனால் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்று இருக்க வேண்டும்.

“பழுது பார்த்தாலும்! இந்த வார்த்தையில்தான் உன் சித்தப்பாவின் திட்டம் அடிபட்டுப் போகிறது” என்றாள் தோழி. “அவர் கழற்றினதை இன்னொருவர் மாட்டலாம். அவர் அடைத்ததை இன்னொருவர் திறக்கலாம். கைதேர்ந்த பிட்டர் அவர். அவருக்கே இது தெரியுமே?”

இன்னும் கேளுங்கள். துப்பாக்கியைச் செய்வது, விற்பது மட்டுமல்ல. மாற்றி அமைப்பது, பழுது பார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் தனியாக லைசென்ஸ் வேண்டும் என்கிறது 5-வது பிரிவு. 6-வது பிரிவு, குழலை வெட்டிக் குட்டையாக்குவதையும், விளையாட்டுத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக்குவதையும் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் இதில் சேர்த்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறை. 5, 6 பிரிவுகளை மீறி லைசென்ஸ் இல்லாமல் மாற்றுகிற வேலையில் இறங்கினால் குறைந்தது ஏழு வருஷம். ஆயுள் வரைக்கும் போகலாம்.

சித்தப்பா குற்றத்தைக் குறைக்கிறேன் என்று ஆரம்பித்த காரியம், அதைக் கூட்டிவிடப் பார்த்தது! இச்சாப்பூர் தொழிற்சாலை மாற்றியது என்றால், அதற்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் உண்டு, பதிவு உண்டு. கூடத்துக் கதவைத் தாளிட்டுக்கொண்டு அரத்தை எடுக்கிறவருக்கு அதெல்லாம் உண்டா? தாத்தா சொன்ன வார்த்தையில் பாதியைத்தான் நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம்.

தோழி கடைசியாக ஒன்று கேட்டாள். அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

“ரைபிள் இப்போது யார் வீட்டில் இருக்கிறது?”

“ஆயா வீட்டில்.”

“அலமாரிச் சாவி?”

“ஆயாவின் இடுப்பில்.”

“அப்படியானால் வழக்கு என்று வந்தால் முதல் பெயர் யாருடையது?”

வாசக நேயர்களே, தங்கைமார்களே! இதை நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. துப்பாக்கி வாங்கியவர் தாத்தா. அதை மாற்ற நினைத்தவர் சித்தப்பா. பிரமாதம் என்று தலையாட்டியவள் நான். அதை வைத்திருப்பவள் என்று காகிதத்தில் ஏறப்போகிறவள், எழுத்துக் கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த எண்பது வயதுக் கிழவி! அவளை ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லை. அவள் அலமாரி, அவள் சாவி, அவள் தலை. யோசனை மட்டும் எங்களுடையது.

சித்தப்பாவை அங்கேயே வரவழைத்தோம். அவர் சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. “குடகுக்காரன் வீட்டுக்கு வீடு துப்பாக்கி வெச்சுக் கும்பிடலையா? அவனுக்கு எந்த லைசென்ஸ்?” என்றார்.

“அது சர்க்கார் எழுத்து மூலம் கொடுத்த விலக்கு, சித்தப்பா” என்றாள் தோழி. வாஸ்தவம்தான். குடகர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே விலக்கு உண்டு. கைல்போது என்ற பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூஜை செய்வார்கள். 2019-ல் மத்திய சர்க்கார் அந்த விலக்கை இன்னும் பத்து வருஷத்துக்கு, 2029 வரைக்கும், நீட்டித்திருக்கிறது. “அவர்களுக்கும் காகிதம் இருக்கிறது. நமக்கு இல்லை” என்று முடித்தாள்.

சித்தப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, “அப்பா கையில பிடிச்ச இடம் அந்தக் கட்டையில வழவழன்னு இருக்கும் பாப்பா. அதுக்காகத்தான்...” என்றார். வார்த்தை முடியவில்லை. கைதேர்ந்த பிட்டரின் கண்ணில் அன்றுதான் நான் தண்ணீரைப் பார்த்தேன்.

தோழி ஊர்ப் போலீஸ் நிலையத்துக்கு போன் செய்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தாத்தாவின் மரணம், போல்ட் விழுப்புரத்தில் இருப்பது, அதை நேரே கொண்டு வருவது எல்லாவற்றையும் சொல்லி, கடிதமாகவும் எழுதி, ஒரு வாடகைக் காரில் எங்களோடு தானே ஏறிக்கொண்டாள். வரும் வழியெல்லாம் காருக்குள் பேச்சு மூச்சு இல்லை.

ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டம் சொல்வதை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். இதை நான் முன்பே செய்திருக்க வேண்டும்.

ஆயா கேட்டுக்கொண்டாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். “இதை எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே கொடுத்திருப்பனே. உங்க தாத்தா இருந்தவரைக்கும் அது அவரு பொறுப்பு. அவரு போனப்புறம் ராத்திரியில யாராச்சும் கதவைத் தட்டினா, திருடனோன்னு பயமில்லை. இதைத் தேடிக்கிட்டு எவனாச்சும் வந்துட்டானோன்னுதான் பயம்” என்றாள்.

பதினாலு மாதம் அந்தப் பயத்தோடு அவள் தூங்கியிருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அலமாரியைத் திறந்து ரைபிளை எடுத்தோம். “இருங்க” என்று சொல்லிவிட்டு ஆயா உள்ளே போனாள். சுவாமி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே பித்தளை நிறத்தில் ஒன்பது தோட்டாக்கள்!

சித்தப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். குழலை அடைப்பதைப் பற்றி யோசித்தவர் தோட்டாவைப் பற்றி யோசிக்கவே இல்லை. தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். ரைபிளை அலங்காரச் சாமானாக்கிக் கூடத்தில் மாட்டியிருந்தாலும் ஹார்லிக்ஸ் புட்டி ஆயாவின் வீட்டிலேயே இருந்திருக்கும்!

போலீஸ் நிலையத்தில் ரைபிள், போல்ட், தோட்டா, தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம், மரணச் சான்று எல்லாவற்றையும் ஒப்படைத்தோம். அதிகாரி ரைபிளின் எண்ணைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்து, “கழற்றினதோட நிறுத்தினீங்களே, அது உங்க நல்ல காலம் ஐயா” என்றார். தாமதத்துக்கு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டு, ஆயாவின் கையில் ரசீது கொடுத்தார். ஆயா அதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தாள்.

ஒப்படைத்தால் திரும்ப வராது என்று சித்தப்பா பயந்தாரே, அதுவும் சரியில்லை. லைசென்ஸ் இல்லாமற்போன துப்பாக்கியைத் தாமதமில்லாமல் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று சொல்கிற அதே 21-வது பிரிவு, குறித்த காலத்துக்குள் அதைத் திரும்பப் பெறவோ விற்கவோ உரிமை தருகிறது. திரும்பப் பெற வேண்டுமானால் வாரிசு தம் பெயரில் லைசென்ஸ் வாங்க வேண்டும். காலம் தாழ்த்திச் சும்மா இருந்தால்தான் அது சர்க்காருக்குச் சேரும்.

இன்னொரு வழியும் தாத்தாவுக்கு இருந்தது. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரருக்கு எழுபது வயது ஆனாலோ, அல்லது அந்தத் துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தம் வாரிசு ஒருவருக்கு லைசென்ஸ் கேட்கலாம். தாத்தாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெரியவர்களிடம் நிலத்தைப் பற்றிக் கேட்கிறோம், நகையைப் பற்றிக் கேட்கிறோம். இதைக் கேட்க யாருக்குத் தோன்றுகிறது?

தேர்தல் முடிந்ததும் குடும்பத்தில் எல்லோரும் கூடிப் பேசினோம். சித்தப்பா விண்ணப்பம் போடுவதா? போட்டால் ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். கிடைத்தால் பூட்டிப் பாதுகாக்க வேண்டும். லைசென்ஸை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். முன்பு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை இருந்தது. 2019-லிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. தேர்தலுக்குத் தேர்தல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

சித்தப்பா சித்தியின் முகத்தைப் பார்த்தார். சித்தி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்: “பேரப்பிள்ளைங்க ஓடி விளையாடற கூடம் அது.”

அவ்வளவுதான். விவாதம் முடிந்தது. உரிய அனுமதியோடு லைசென்ஸ் உள்ள வியாபாரி மூலம் ரைபிளை விற்றுவிட்டோம். ஆயுத பூஜை அன்று தாத்தா ரைபிளோடு நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று இருந்தது. சித்தப்பா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். சட்டத்தைத் தாமே இழைத்துச் செய்தார். மரச் சட்டத்தைச் சொல்கிறேன். அதற்கு லைசென்ஸ் வேண்டாம்.

உங்கள் வீட்டிலோ, உங்கள் மாமனார் வீட்டிலோ, ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டிலோ இப்படி ஒன்று இருக்கலாம். வேட்டைக்கு வாங்கியது, வயலில் காவலுக்கு வாங்கியது, பட்டாளத்திலிருந்து வந்தவர் வாங்கியது. துருப்பிடித்ததுதானே, உடைந்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள். நாமே கழற்றிவிடலாம், அடைத்துவிடலாம் என்று வீட்டில் யாராவது புறப்பட்டால் அரத்தை வாங்கி ஒளித்து வையுங்கள். லைசென்ஸ் யார் பெயரில், எந்தத் தேதி வரை என்று பாருங்கள். தோட்டா எங்கே என்று கேளுங்கள். முக்கியமாக, அலமாரிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ, அவளிடம் முதலில் சொல்லுங்கள்.

போன மாதம் திண்டிவனத்துக்குப் போயிருந்தேன். நல்ல மழை. திரும்பும்போது ஆயா குடை கொண்டு வந்தாள். கம்பளி உறையிலிருந்து அதை உருவினாள். அதே உறை! வாய்ப்பக்கம் வெட்டி அளவாக மடித்துத் தைத்திருந்தாள்.

“என்ன ஆயா, உறையை மாத்திட்டியே!” என்றேன்.

“இதுக்கு யாரையும் கேக்க வேணாமில்ல?” என்று கேட்டுவிட்டு, மல்லாட்டைப் பொட்டலத்தை என் பையில் திணித்தாள்.